பின்கேட்டுச் சாவி

எங்கள் குடியிருப்பின் பின்பக்கச் சுவரில் ஒரு சின்ன இரும்புக் கேட் இருக்கிறது. ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பாமல் நுழையலாம், அவ்வளவுதான் அகலம். கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் கொத்தனாரும் சித்தாளும் வந்துபோக வைத்தது என்று சொல்வார்கள். நாங்கள் 2017 ஜூனில் குடிவந்ததில் இருந்து அது பூட்டியே கிடந்தது. பூட்டில் துரு ஏறி, அதன் மேல் சுவருக்கு அடித்த வெள்ளையையும் சேர்த்து அடித்து, அது பூட்டு என்பதே தெரியாத நிலை. நான்கு வருடத்தில் எட்டு கிலோ ஏறிய என் உடம்புக்கும் அந்தப் பூட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருநாள் சொன்னேன். என் மனைவி கேட்டாள்: "ராத்திரி பதினோரு மணிக்கு வர்ற பிரியாணிக்கும் அந்தப் பூட்டுக்கும்கூட சம்பந்தம் இருக்கா?"

நியாயமான கேள்வி. அதற்கும் வருகிறேன்.

இங்கே குடிவருவதற்கு முன்னால் மயிலாப்பூரில் இருந்தோம். கச்சேரி ரோட்டில் இருந்து பிரியும் ஒரு சந்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடி, வாடகை வீடு. காலையில் பால் வாங்க இறங்குவேன். வந்து காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் அம்மா, "டேய், கொத்தமல்லி இல்லடா" என்பாள், மறுபடி இறங்குவேன். ஆபீசுக்குத் திருமயிலை ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, படியேறி, பறக்கும் ரயிலில் திருவான்மியூர் போய் இறங்கி, அங்கிருந்து மறுபடி நடை. சாயங்காலம் திரும்பும்போது தெற்கு மாட வீதி வழியாக வந்தால் காய்கறி, பூ, வெற்றிலை எல்லாம் கையோடு வாங்கிவிடலாம். சில நாள் வேண்டுமென்றே குளத்தைச் சுற்றிக்கொண்டு வருவேன், அதற்குக் காரணம் ஆரோக்கியம் இல்லை, வீட்டுக்குப் போக மனசில்லாததுதான்.

இதில் ஒன்றைக்கூட நான் நடைப்பயிற்சி என்று நினைத்ததில்லை. அதற்கு அப்படி ஒரு பெயரே கிடையாது. கடைக்குப் போவது, ரயிலைப் பிடிப்பது, தையல்கடையில் துணி கொடுப்பது, அவ்வளவுதான். நடைப்பயிற்சி செய்கிறவர்கள் வேறு ஜாதி. அவர்கள் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு நாகேஸ்வர ராவ் பூங்காவில் சுற்றுவார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே ரப்பர் செருப்போடு லஸ் பக்கம் மாவு வாங்கப் போவேன்.

பல வருடம் கழித்து போனில் வரைபடத்தைத் திறந்து அந்த நாட்களின் தூரத்தை அளந்து பார்த்தேன். ஒரு சாதாரண வேலைநாளில் கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் வந்தது. இப்போது அதே மாதிரி ஒரு வேலைநாளில் கதவில் இருந்து லிஃப்ட், லிஃப்டில் இருந்து கார், காரில் இருந்து ஆபீஸ் லிஃப்ட் என்று எல்லாம் சேர்த்து ஒரு கிலோமீட்டர் தாண்டினால் பெரிது.

சரி, இப்போது இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூர் தாண்டி. மத்திய கைலாஷில் இருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு ஆறு வழியாக ஓடும் சாலை, பலகையில் ராஜீவ் காந்தி சாலை, பேச்சில் ஓஎம்ஆர். எங்கள் மெயின் கேட் அதில்தான் திறக்கிறது. எதிர்ப்பக்கம் ஒரு காய்கறிக் கடை. ஏழாவது மாடி பால்கனியில் நின்றால் அங்கே தக்காளி என்ன விலை என்று பலகையில் எழுதியிருப்பதைக் கண்ணைச் சுருக்கிப் படித்துவிடலாம். ஆனால் நடுவில் மீடியன், அதன் மேல் கம்பி, இப்போது மெட்ரோ வேலைக்காக வைத்த தகரத் தடுப்பு வேறு. காரில் போவதென்றால் ஒரு யூ டர்ன் போய், வாங்கிக்கொண்டு, இன்னொரு யூ டர்ன் வரவேண்டும். ஒருநாள் கொத்தமல்லிக்கட்டு ஒன்று வாங்கக் காரை எடுத்துப் போய் வந்தேன், இருபத்திரண்டு நிமிடம் ஆனது. கொத்தமல்லி பத்து ரூபாய்.

கடையை விடுங்கள், எங்கள் பக்கத்திலேயே நடக்கலாமே என்று ஒருநாள் கேட்டில் இருந்து இடது பக்கம் நடந்தேன். முதலில் எங்கள் காம்பவுண்டுச் சுவர், அது முடிந்ததும் பக்கத்துக் கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர், அப்புறம் ஒரு காலி மனையின் தகர வேலி. எண்ணிக்கொண்டே போனேன், 740 அடி எடுத்து வைத்தும் ஒரு சந்து பிரியவில்லை, ஒரு கடை இல்லை, நிற்க ஒரு நிழல் இல்லை. மயிலாப்பூரில் அதே 740 அடிக்குள் நான் எத்தனை சந்து தாண்டியிருப்பேன் என்று பிறகு வரைபடத்தில் எண்ணினேன், ஒன்பது. அந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையில் பாதி. சந்து அதிகமாக இருக்கும் ஊரில் எந்த இடத்துக்கும் குறுக்கே போகலாம், அதனால் தூரம் சுருங்கும். சுவர் நீளமாக இருக்கும் ஊரில் பக்கத்து இடமும் தூரமாகிவிடும்.

பிளாட்பாரத்தையும் அளந்தேன், இந்த வயதில் தையற்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு ரோட்டில் குனிந்து நிற்பது ஒரு அனுபவம்தான். நடைபாதைகளுக்கு என்றே இந்தியச் சாலைப் பேரவையின் விதிநூல் ஒன்று இருக்கிறது, 2012-இல் திருத்தியது. பிளாட்பாரத்தின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. எங்கள் பக்கத்தில் உயரம் 33 சென்டிமீட்டர், படி மாதிரி ஏறி இறங்கவேண்டும். ஒவ்வொரு கேட்டுக்கும் கார் இறங்க வசதியாக வெட்டிவிட்டிருப்பதால் ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. நடுவில் ஈபி பெட்டி, ஒரு விளம்பரக் கம்பம், ஜல்லிக் குவியல். என் அம்மாவின் முழங்காலுக்கு அந்த 33 சென்டிமீட்டர்தான் ஊரின் எல்லை.

2021-இல் ஆபீசில் எடுத்த ஹெல்த் செக்கப்பில் எடை 75, இடுப்பு 97 சென்டிமீட்டர். உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்க்கும் பிஎம்ஐ என்ற கணக்கில் 26.6. நம்மூர் உடம்புக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆண்களுக்கு இடுப்பு 90 தாண்டக்கூடாது. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "தினமும் நடக்கணும் சார்" என்றார். "எங்க மேடம் நடக்கறது?" என்று கேட்டேன், ஜோக்காகத்தான். அவரும் ஓஎம்ஆர்க்காரர்தான் போல. சிரித்துவிட்டு, "அது தெரிஞ்சா நானே நடந்திருப்பேனே" என்றார்.

நடக்க இடமே இல்லை என்று சொன்னால் பொய். குடியிருப்புக்குள் ஜிம் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, பூச்செடி நட்ட நடைத்தடம் இருக்கிறது. ஒரு சுற்று 380 மீட்டர். விளம்பரப் புத்தகத்தில் அந்தத் தடத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். நான் 2019 ஜனவரியில் பதினோரு நாள் ஓடினேன், 2020-இல் ஒன்பது நாள். நடைத்தடத்தின் பிரச்சனை என்னவென்றால் அது எங்கேயும் போகாது. கிளம்பின இடத்திலேயே கொண்டுவந்து விடும். அதில் நடக்க மனக்கட்டுப்பாடு வேண்டும், மழை பெய்தால், மீட்டிங் இருந்தால், நேற்று தூக்கம் சரியில்லை என்றால் அது முதலில் போய்விடும். கொத்தமல்லி இல்லை என்றால் மட்டும் மழையிலும் குடை எடுத்துக்கொண்டு போகத்தான் வேண்டும், ரசத்துக்கு அது வேண்டுமே.

எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வியாதி உண்டு. எழுபது கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாக 35 முதல் 40 கலோரி செலவாகும். நான் இழந்தது 4 கிலோமீட்டர், ஆக சுமார் 150 கலோரி. இது ஒரு மசால் வடைக்குச் சமம், பெரிய விஷயமே இல்லை. ஆனால் இது ஒருநாள் வடை இல்லை, எல்லா நாளும். உடல் எடை எப்படி மாறுகிறது என்பதைக் கணிதமாக்கியவர்களில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் முக்கியமானவர். அவரும் கூட்டாளிகளும் 2011-இல் கொடுத்த ஒரு எளிய கணக்கின்படி, தினசரி வரவு செலவில் 24 கலோரி நிரந்தரமாக மாறினால் கடைசியில் ஒரு கிலோ மாறும். அதில் பாதி முதல் வருடத்தில் வந்துவிடும், கிட்டத்தட்ட முழுசும் மூன்று வருடத்தில். 150-ஐ 24-ஆல் வகுத்தால் 6 கிலோவுக்கு மேல். எனக்கு ஏறியது எட்டு. மீதி இரண்டை பிரியாணிக் கணக்கில் எழுதிக்கொள்ள நான் தயார், மனைவிதான் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். குறைவாக நடப்பவன் குறைவாகச் சாப்பிடவும் கூடும், பசி என்பது கால்குலேட்டர் இல்லை. அதனால்தான் என் ஒருவன் கதையை விட்டுவிட்டு மற்றவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். அட்லாண்டா, அமெரிக்காவில் கார் இல்லாமல் வாழவே முடியாது என்று பெயரெடுத்த ஊர். லாரன்ஸ் ஃபிராங்க் என்ற ஆய்வாளரின் குழுவினர் அங்கே பத்தாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து 2004-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தினமும் காரில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்காருபவர் பருமனாக இருக்கும் வாய்ப்பு 6 சதவீதம் அதிகம், நாளுக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதலாக நடப்பவருக்கு கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைவு. என்னை நிறுத்திய எண் இவை இரண்டும் இல்லை. வீடு, கடை, ஆபீஸ் மூன்றும் எவ்வளவு கலந்து கிடக்கின்றன என்று பார்த்துப் பகுதிகளை நான்கு படியாக அடுக்கினார்கள், ஒரு படி மேலே போனால் பருமனுக்கான வாய்ப்பு 12 சதவீதம் குறைந்தது. நம்மூர்ப் பாஷையில் சொன்னால், கீழே மளிகைக்கடை, மேலே குடித்தனம், எதிரே டெய்லர். இதைத்தான் நாம் நெரிசல் என்று திட்டிவிட்டு ஓஎம்ஆருக்கு ஓடிவந்தோம்.

கனடாவில் இதைவிடப் பெரிதாகப் பார்த்தார்கள். தெற்கு ஒன்டாரியோவின் நகரங்களில் 8,777 குடியிருப்புப் பகுதிகளை நடப்பதற்கு எவ்வளவு தோது என்று ஐந்து தரமாகப் பிரித்து, 2001 முதல் 2012 வரை கவனித்தார்கள். தொடக்கத்திலேயே, நடக்கத் தோதில்லாத பகுதிகளில் அதிக எடையும் பருமனும் சேர்ந்து 53 சதவீதத்துக்கு மேல், தோதான பகுதிகளில் 43 சொச்சம். அடுத்த பதினோரு வருடத்தில் தோதில்லாத இடங்களில் அது இன்னும் ஏறியது, மிகத் தோதான இடங்களில் பெரிதாக அசையவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பழியைச் சுவர் மேல் போட்டுவிட்டு பிரியாணியைத் தொடர்ந்திருப்பேன். ஆனால் 2008-இல் நான்கு பொருளாதார நிபுணர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். ஊர் உடம்பை மாற்றுகிறதா, இல்லை நடக்கப் பிடிக்காதவர்கள் நடக்கவேண்டாத ஊராகப் பார்த்துக் குடியேறுகிறார்களா? அமெரிக்காவில் கிட்டத்தட்ட 6,000 பேரைச் சில வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள், வீடு மாறியவர்களின் எடை மாறுகிறதா என்று. பரந்து விரிந்த புறநகருக்குப் போனதால் எடை ஏறியது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது நான் முதலில் கேட்டது கார் பார்க்கிங் மூடினதா திறந்ததா என்று. மயிலாப்பூர்ச் சந்தில் கார் நிறுத்த இடமில்லாததால் வாங்காமல் இருந்தேன், இங்கே வந்து ஆறு மாதத்தில் வாங்கினேன். உட்கார்ந்து போகவேண்டும் என்ற ஆசை எனக்கு முன்னாலேயே இருந்தது. ஊர் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை, கதவைத் திறந்துதான் வைத்திருந்தது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரே வழி சீட்டுக் குலுக்கல். யார் எங்கே குடியேறுவது என்று அவரவர் தேர்ந்தெடுக்கக்கூடாது. அதிசயமாக, அமெரிக்க அரசே அப்படி ஒன்றைச் செய்திருக்கிறது. 1994 முதல் 1998 வரை, ஐந்து பெரிய நகரங்களில், ஏழைக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,500 குடும்பங்களில் சிலருக்குக் குலுக்கலில் வறுமை குறைந்த பகுதிக்கு மாற வாடகைச் சீட்டு கொடுத்தார்கள். பத்து பதினைந்து வருடம் கழித்து அந்தக் குடும்பங்களின் பெண்களை அளந்து பார்த்தால், சீட்டு கிடைத்தவர்களில் மிகக் கடுமையான பருமனும் சர்க்கரையும் குறைவு. சாதாரணப் பருமனில் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கே மாறியது தெருவின் அமைப்பு மட்டும் இல்லை, பயம், பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாமே மாறியது. இருந்தாலும், இடம் உடம்புக்குள் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சமீபத்தில், 2025-இல், போனில் பதிவாகும் காலடி எண்ணிக்கையை வைத்து ஒரு ஆய்வு வந்தது. இருபது லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்திய ஒரு செயலியில், ஊர் மாறிய 5,400-க்கும் மேற்பட்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். நடக்க நன்றாகத் தோதான ஊருக்குப் போனவர்கள் நாளுக்குச் சுமார் 1,100 அடி கூடுதலாக நடந்தார்கள், எதிர்த்திசையில் போனவர்களுக்கு அதே அளவு குறைந்தது. அதே ஆள், அதே சோம்பேறித்தனம், ஊர் மட்டும் வேறு. இதில் எடையை அளக்கவில்லை, அடி எண்ணும் செயலி வைத்திருப்பவர்களே ஒரு தனி ரகம் என்பதையும் மறக்கக்கூடாது. இருந்தாலும் என் பால்கனி வருத்தம் இதில் கொஞ்சம் குறைந்தது.

இப்போது பிரியாணிக்கு வருகிறேன். தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன், 2019-21-இல் 40.4. ஆண்கள் 28.2-இல் இருந்து 37. ஐந்து வருடத்தில் இவ்வளவு. இந்த ஐந்து வருடத்தில் மதுரை மாசி வீதியோ கும்பகோணத்துச் சந்தோ மாறிவிடவில்லை, தெரு அங்கேயேதான் இருக்கிறது. அப்படியானால் தெருவை மட்டும் குற்றம் சொல்லி இந்த ஏற்றத்தை விளக்க முடியாது. டூ வீலர், போன், பாக்கெட் தீனி, பதினோரு மணி டெலிவரி எல்லாம் உள்ளே வந்திருக்கிறது. என் பெரியப்பா அறுபது வருடமாக மயிலாப்பூரில்தான் இருக்கிறார், நாலு மாட வீதியும் அவருக்கு உள்ளங்கை, எடை 94 கிலோ. தெரு நடக்கத் தோதாக இருந்தால் அந்தத் தெருவில் நெய் மணக்கும் கடைகளும் நடை தூரத்தில்தான் இருக்கும், பெரியப்பா இரண்டையும் பயன்படுத்திக்கொண்டார்.

ஆக, தெரு உடம்பைத் தீர்மானிப்பதில்லை. கொஞ்சம் சாய்த்து வைக்கிறது. பந்தை எந்தப் பக்கம் உருட்டினாலும் அது கடைசியில் சாய்ந்த பக்கம் வந்து நிற்குமே, அந்த மாதிரி. ஒவ்வொரு நாளும் எதிர்த்திசையில் தள்ளுகிறவன் தப்பிப்பான், என்னைப் போன்றவன் சாய்வோடு போவான்.

அரசாங்கத்துக்கு இது தெரியாமலும் இல்லை. 2014-லேயே சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று ஒரு கொள்கை கொண்டுவந்தது, போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் அதற்கே என்று. 2019-இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். நல்ல இடம், உட்காரப் பெஞ்சுகூட உண்டு. நான் குடும்பத்தோடு அங்கே நடக்கப் போயிருக்கிறேன், இருபது கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிக்கொண்டு.

அம்மா 2021 கடைசியில் எங்களோடு வந்து சேர்ந்தாள். அறுபத்தெட்டு வயது, சர்க்கரை உண்டு. மயிலாப்பூரில் இருந்தவரை காலையில் ஒரு கோயில், சாயங்காலம் ஒரு கோயில், நடுவில் காய். யாராவது வாக்கிங் போகிறீர்களா என்று கேட்டால் "எனக்கேது நேரம்" என்பாள். இங்கே வந்ததும் நடை மொத்தமாக நின்றது. நடைத்தடத்தில் கூட்டிக்கொண்டு போனால் இரண்டு சுற்றுக்கு மேல் வரமாட்டாள், "செக்கு மாடாடா நான்?" என்பாள். பெரும்பாலும் பின்பக்க பால்கனியில் உட்கார்ந்திருப்பாள். எங்கள் பின்சுவருக்கு அப்பால் பழைய ஊர் அப்படியே இருக்கிறது. ஓஎம்ஆர் வருவதற்கு முன்னாலேயே இருந்த ஊர். ஒரு அம்மன் கோயில், வேப்பமரம், அண்ணாச்சி கடை, சைக்கிள் பஞ்சர் ஒட்டுபவர், ஒரு தையல் மெஷின், கீரை விற்கிற ஆயா. வீடும் கடையும் கலந்து, சந்துக்குள் சந்து. அட்லாண்டாக்காரர்கள் பார்த்தால் மேல்படியில் வைப்பார்கள். ஆனால் மெயின் கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டு கிலோமீட்டர், அதுவும் சுவரை ஒட்டியே. அம்மா ஒருநாள் சொன்னாள், "கோயில் கண்ணுக்குத் தெரியுதுடா, காலுக்குத்தான் தெரியல." அன்றைக்குத்தான் அந்தப் பூட்டைப் போய்ப் பார்த்தேன். கேட்டில் இருந்து கோயில் வாசல் வரை, பிறகு அம்மா எண்ணியபடி, 260 அடி.

2023-இல் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்தேன். முந்நூறு வீட்டில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். எதிர்ப்பு எப்படியெல்லாம் வரும் என்று உங்களுக்கே தெரியும். திருட்டு போகும், கண்டவர்கள் வருவார்கள், வீட்டு மதிப்பு குறையும். ஒருவர் எழுந்து, "இவ்வளவு பணம் கொடுத்து இங்க வந்ததே அந்தப் பக்கம் வேண்டாம்னுதானே சார்" என்றார். கூட்டத்திலேயே நேர்மையாகப் பேசியவர் அவர்தான். நான் பிஎம்ஐ, ஒன்டாரியோ எல்லாம் தயாரித்து வைத்திருந்தேன், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் காரியத்தை முடித்தது மூன்றாவது பிளாக்கில் இருந்த இரண்டு பாட்டிகள், ஆடி மாதம் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போகவேண்டும் என்றார்கள். அதற்கு மறுப்புச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. காலை 6 முதல் 9, மாலை 4 முதல் 8. ஒரு நோட்டு, ஒரு செக்யூரிட்டி. குடியிருப்போர் மட்டும். வீட்டு வேலைக்கு வருபவர்கள் மெயின் கேட் வழியாகவே வரவேண்டும்.

இந்தக் கடைசி வரியை அன்று நான் கவனிக்கவில்லை, கவனித்தும் பேசாமல் இருந்தேன் என்பதுதான் சரி. எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா அந்தப் பின்பக்க ஊர்தான். அவர் வீட்டு மாடியில் துணி காய்வது எங்கள் பால்கனியில் இருந்து தெரியும். தினமும் சுற்றிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்து, ஆறு வீட்டில் வேலை செய்து, மறுபடி இரண்டு கிலோமீட்டர் நடந்து போகிறார். நடக்கத் தோதான பகுதி என்று ஆய்வுக்காரர்கள் எழுதும்போது, நடப்பது வரமா தண்டனையா என்பதைக் கேட்க அதில் ஒரு கட்டம் இல்லை. அவருக்கும் எடை கூடத்தான் இருக்கிறது, முட்டி வலியும் இருக்கிறது, ரேஷன் அரிசியும் டீயும் பொறையும்தான் பகல் சாப்பாடு. நாலு கிலோமீட்டர் நடை அவரை ஒல்லியாக்கிவிடவில்லை.

பூட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது, திறக்கிற நிலையில் இல்லை. முதல் வாரம் அம்மா ஒருத்திதான் போனாள். அப்புறம் மூன்றாவது பிளாக் பாட்டிகள். அப்புறம் நான், தோசை மாவு வாங்க. அண்ணாச்சி கடையில் ஒரு பொருள் மறந்து வந்தால் மறுபடி போகலாம் என்பதே எனக்குப் பல வருடமாக மறந்துபோயிருந்தது. அம்மா கீரைக்கார ஆயாவோடு சண்டை போட ஆரம்பித்தாள், அதற்காகவே தினமும் போகவேண்டி வந்தது. ஒரு வருடத்தில் அம்மாவுக்கு ஒன்றரை கிலோ குறைந்தது. எனக்கு 75-இல் இருந்து 73.4. இன்னும் குறைந்திருக்கும், ஆனால் அந்த ஊரில் டீக்கடைக்காரர் நாலரை மணிக்கு வாழைக்காய் பஜ்ஜி போடுகிறார், வாசனை கேட் வரை வரும். மனைவியின் தீர்ப்பு, நான் ராத்திரி ஆர்டர் போடுவதைக் குறைத்ததால்தான் எடை குறைந்தது, கேட்டுக்கு இதில் பங்கில்லை. சாயங்காலம் வெளியே நாலு ஆளைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தால் ராத்திரி அந்த ஆர்டர் போடத் தோன்றுவதில்லை என்று நான் சொல்கிறேன். இந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது.

போன மாதம் முதல் பிளாக்கில் ஒரு பையனின் சைக்கிள் காணாமல் போனது. பின்கேட் வழியாகப் போனதா மெயின் கேட் வழியாகப் போனதா என்று யாருக்கும் தெரியாது. கேமராவில் ஒன்றும் விழவில்லை. வாட்ஸப் குழுவில் இரண்டு நாள் ஓடியது. வருகிற ஞாயிறு கூட்டத்தின் நான்காவது தீர்மானம், பின்கேட்டை நிரந்தரமாக மூடுவது. வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் ஓட்டுப் போடலாம், அம்மாவுக்கு ஓட்டில்லை. ஆனால் வந்து பேசுவேன் என்கிறாள். மூன்றாவது பிளாக் பாட்டிகளோடு இரண்டு சாயங்காலமாகக் கோயில் திண்ணையில் ஆலோசனை நடக்கிறது.

நேற்று காலை ஆறு மணி ஆகவில்லை, தூக்கம் வராமல் பின்பக்க பால்கனிக்கு வந்து நின்றேன். கீழே செக்யூரிட்டி அண்ணன் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். எங்கள் வீட்டு அக்கா உள்ளே வந்தார், பின்னால் இன்னும் மூன்று பேர். திரும்பப் பூட்டிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். நோட்டில் எதுவும் எழுதவில்லை. பிறகு கீழே போனபோது அவரிடம் கேட்டேன், எத்தனை நாளாக என்று. "திறந்த நாள்ல இருந்தே சார்" என்றார். இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன், இதையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எந்த அப்பார்ட்மென்ட்டுனு மட்டும் போடாதீங்க சார்."